ஒரு விரைவுச்சாலையைக் கைவிட்ட நகரம்

பெருநகரம் என்று சொல்லத்தக்க பெருக்கமும் இல்லாமல், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே போய்விடக்கூடிய சுருக்கமும் இல்லாமல் இடைப்பட்ட அளவில் நிற்கும் நகரங்களுக்குப் போக்குவரத்துச் சிக்கல் ஒரு தனி வடிவத்தில் வந்து சேர்கிறது. சுரங்க ரயில் போன்ற பெருஞ்செலவுத் திட்டங்களுக்குப் போதுமான பயணிகள் அங்கே பெரும்பாலும் கிடைப்பதில்லை. வீட்டுக்கொரு கார் வந்துவிட்டால் அத்தனையையும் தாங்கும் அகலம் தெருக்களுக்கும் இருப்பதில்லை. ஆகவே சாலைகளை அகலப்படுத்தி, மேம்பாலங்கள் கட்டி, வாகன நிறுத்துமிடங்களைப் பெருக்குவதா, அல்லது பேருந்தையும் ரயிலையும் நம்பிப் புறப்படத்தக்கவையாக்கிக் காரின் தேவையைக் குறைப்பதா என்ற கேள்வி நகர நிர்வாகத்தின் முன் வந்து நிற்கிறது. இரண்டையும் ஒருசேரச் செய்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பே எனினும், பணமும் நிலமும் ஓர் அளவுக்கு மேல் நீளாதவை என்பதால், ஒன்றுக்குக் கொடுப்பது மற்றொன்றிலிருந்து எடுத்ததாகவே பெரும்பாலும் முடிகிறது.

இந்தக் கேள்விக்கு வெளிப்படையாக ஒரு விடையளித்து, அந்த விடையோடு அரை நூற்றாண்டு வாழ்ந்தும் பார்த்த நகரம், ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கில் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து. வில்லாமெட் ஆறு கொலம்பியா ஆற்றோடு கலக்கும் இடத்துக்கு அருகே அமைந்த இந்நகரின் எல்லைக்குள் 1970-இல் ஏறத்தாழ 3.8 லட்சம் மக்களே வாழ்ந்தனர். அந்தப் பத்தாண்டில் அது எடுத்த சில முடிவுகள், ஓரிடத்தில் சாலை போடாமல் விடுவதும் ஒரு போக்குவரத்துக் கொள்கைதான் என்பதை அந்நாட்டின் பிற நகரங்களுக்குக் காட்டின.

காருக்காகத் திட்டமிடப்பட்ட நகரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ட்லாந்தின் குடியிருப்புகள் மின்சார டிராம் தடங்களை ஒட்டியே வளர்ந்தன. சாலையில் பதித்த தண்டவாளத்தில் ஓடிய அந்த வண்டிகள் கார்களின் பெருக்கத்தால் பயணிகளை இழந்து, 1950-ஆம் ஆண்டோடு நகரத் தெருக்களிலிருந்து மறைந்தன. அதற்கு முன்பே, 1943-இல், நியூயார்க்கின் பாலங்களையும் விரைவுச்சாலைகளையும் உருவாக்கிப் புகழும் பழியும் பெற்ற ராபர்ட் மோசஸ் போர்ட்லாந்துக்கு அழைக்கப்பட்டு, போருக்குப் பிந்தைய வளர்ச்சிக்கென ஒரு திட்டத்தை வகுத்துக் கொடுத்திருந்தார். நகர மையத்தைச் சுற்றி வளைக்கும் ஒரு விரைவுச்சாலை வளையமும் அதில் இடம்பெற்றிருந்தது. விரைவுச்சாலை என்பது சிக்னலும் குறுக்குச் சாலையும் இல்லாமல், குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே நுழையவும் வெளியேறவும் இயலுமாறு அமைக்கப்படும் பல தடச் சாலையாகும்.

இத்தகைய திட்டங்களுக்கு உயிர் கொடுத்தது 1956-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம். மாநிலங்களை இணைக்கும் ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் விரைவுச்சாலைகளின் செலவில் 90 சதவீதத்தை மைய அரசே ஏற்கும் என்று அது அறிவித்தது. உள்ளூர்ப் பணம் ஒரு டாலருக்கு ஒன்பது டாலர் மேலிருந்து வரும்போது பெரும்பாலான மேயர்கள் சாலையை மறுக்கத் துணியவில்லை. பேருந்துக்கோ டிராமுக்கோ அப்படிப்பட்ட உதவி எதுவும் அன்று இல்லை. மக்கள் தாமாகவே காரை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கூறப்படும்போது, அந்தத் தேர்வு சமமான தராசில் நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது.

அகலமான சாலை ஏன் மீண்டும் நிரம்புகிறது

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்பது, வாகனங்களின் எண்ணிக்கை மாறாது என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் கருத்து. அந்த அனுமானம் தவறு என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் ஆண்டனி டவுன்ஸ் 1962-லேயே எடுத்துக்காட்டினார். நெரிசல் மிகுந்த ஒரு சாலையில் புதிய தடம் திறக்கப்பட்டதும் பயணம் சற்று விரைவாகிறது. அதைக் கண்டு, அதுவரை வேறு சாலையில் சென்றவர்களும், கூட்டத்துக்கு அஞ்சி முன்னதாகவோ பின்னதாகவோ புறப்பட்டவர்களும், பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்களும் அந்தச் சாலைக்கே வந்து சேர, சில ஆண்டுகளில் உச்ச நேர நெரிசல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. காலப்போக்கில் அச்சாலையை நம்பி நகருக்கு வெளியே புதிய குடியிருப்புகள் எழுவதும் உண்டு. வசதியைக் கூட்டுவதாலேயே அதைப் பயன்படுத்துவோரும் கூடும் இந்நிகழ்வைப் போக்குவரத்துத் துறையினர் ‘தூண்டப்பட்ட தேவை’ என்கின்றனர்.

டவுன்ஸ் தர்க்கத்தால் நிறுவியதை, 2011-இல் ஜில் டுராந்தோன், மேத்யூ டர்னர் என்னும் இரு பொருளியலறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு அளந்து பார்த்தனர். ஒரு நகரப் பகுதியில் மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைத் தடங்களின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் அங்கே வாகனங்கள் ஓடும் தொலைவும் கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரின் கேட்டி விரைவுச்சாலை இதற்குப் பெயர்பெற்ற சான்று. பல நூறு கோடி டாலர் செலவில், பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 தடங்கள் வரை அது 2008-இல் அகலப்படுத்தப்பட்டது. எனினும் சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் அங்கே மீண்டும் நீளத் தொடங்கியது.

இதனால் சாலை விரிவாக்கம் முற்றிலும் பயனற்றது என்று ஆகிவிடாது. முன்பு வீட்டோடு இருந்துவிட்டவர்களும் பயணம் செய்ய முடிவது ஒரு நன்மையே. சரக்குப் போக்குவரத்துக்கும் அது உதவலாம். ஆனால் நெரிசலைத் தீர்ப்பதற்காக என்று சொல்லி ஒரு சாலை அகலப்படுத்தப்படுமானால், அந்தக் காரணம் மட்டும் நெடுநாள் நிலைப்பதில்லை.

இடத்தின் கணக்கும் இதே திசையில்தான் செல்கிறது. விரைவுச்சாலையின் ஒரு தடம் மணிக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்களுக்கு மேல் தாங்குவதில்லை. பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் மட்டுமே இருப்பதால், அதில் கடக்கும் மனிதர்களின் எண்ணிக்கையும் அதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து வீதம், பேருந்துக்கு 60 பேர் சென்றால், மணிக்கு 3,600 பேர் கடந்துவிடுவர். சாலை இடத்தை வாகனங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பார்க்காமல் மனிதர்களின் எண்ணிக்கையைக் கொண்டு பங்கிட வேண்டும் என்று இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வலியுறுத்தியதும் இந்தக் கணக்கின் அடிப்படையிலேயே.

மவுண்ட் ஹூட் சாலைக்கு நேர்ந்தது

1960களின் இறுதிக்குள் போர்ட்லாந்தின் ஆற்றங்கரையில் விரைவுச்சாலை வந்துவிட்டது. நகர மையத்தின் மேற்கே மற்றொன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அடுத்ததாக, ஆற்றிலிருந்து தென்கிழக்குக் குடியிருப்புகளின் ஊடே கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டிய மவுண்ட் ஹூட் விரைவுச்சாலை வரிசையில் நின்றது. அதற்காக இடிக்கப்படவிருந்த வீடுகள் 1,700-க்கும் மேற்பட்டவை. மாநில நெடுஞ்சாலைத் துறை சில வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்கவும் தொடங்கியிருந்த நிலையில், அப்பகுதி மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். சாலையை எதிர்த்துப் போட்டியிட்ட நீல் கோல்ட்ஷ்மிட் 1972-இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நீதிமன்றமும் சட்டமும் அடுத்தடுத்து நகரத்தின் துணைக்கு வந்தன. சாலையின் வழியைத் தேர்ந்தெடுத்ததில் உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று கூட்டாட்சி நீதிபதி ஜேம்ஸ் பர்ன்ஸ் 1974 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். அதைவிட முக்கியமானது, 1973-இல் திருத்தியமைக்கப்பட்ட கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம். ஒரு நகரம் தனக்கென ஒதுக்கப்பட்ட விரைவுச்சாலையை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தால், அதற்குரிய தொகையைப் பொதுப் போக்குவரத்துக்குச் செலவிடலாம் என்று அது வழி திறந்துவிட்டது. சாலையை மறுத்தால் பணமும் போய்விடும் என்ற அச்சம் அத்தோடு நீங்கியது. 1974 ஜூலையில் நகர மன்றம் மவுண்ட் ஹூட் சாலையைக் கைவிட வாக்களித்தது. இரண்டு ஆண்டுகளில் மைய அரசும் ஒப்புதல் அளித்தது. அந்தச் சாலையோடு இணைவதற்காக ஆற்றின் மேலுள்ள மார்க்வம் பாலத்தில் முன்கூட்டியே கட்டப்பட்டிருந்த சாய்தளங்களின் முனைகள் எங்கும் போய்ச் சேராமல் அந்தரத்தில் நின்றுவிட்டன.

புதிய சாலையை மறுத்ததோடு நகரம் நிற்கவில்லை. வில்லாமெட் ஆற்றின் மேற்குக் கரையை மறித்துக்கொண்டு 1940களிலிருந்து ஓடிய ஹார்பர் டிரைவ் என்ற விரைவுச்சாலை, ஆளுநர் டாம் மெக்காலின் முயற்சியால் 1974-இல் மூடப்பட்டு, அகற்றப்பட்டது. பலர் எச்சரித்த பெருநெரிசல் வரவில்லை. அண்மையில் திறக்கப்பட்டிருந்த மேற்கு விரைவுச்சாலையும் பிற தெருக்களும் அந்த வாகனங்களை ஏற்றுக்கொண்டன. அந்த நிலத்தில் அமைந்த ஆற்றங்கரைப் பூங்கா 1978-இல் திறக்கப்பட்டு, பின்னர் மெக்காலின் பெயரையே பெற்றது.

நிறுத்துமிடம் என்னும் மறைந்த செலவு

சாலையைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் பேசப்படாமல் விடப்படுவது நிறுத்துமிடம். ஒரு கார் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 95 சதவீத நேரம் ஓடாமல் நிற்கிறது; வீட்டில் ஓரிடம், அலுவலகத்தில் ஓரிடம், கடைத்தெருவில் ஓரிடம் என்று ஒரே காருக்குப் பல இடங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. திரும்பிச் செல்லும் வழியையும் சேர்த்தால் ஒவ்வோர் இடத்துக்கும் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் நிலம் தேவை. அது ஒரு சிறு குடும்பம் சமைத்து உறங்கப் போதுமான பரப்பு. கலிபோர்னியப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், 2005-இல் வெளிவந்த தமது நூலில், இலவச நிறுத்துமிடம் என்று ஒன்று உண்மையில் இல்லை என்பதை விரிவாக நிறுவினார். ஒவ்வொரு கட்டடமும் இத்தனை கார்களுக்கு இடம் விட வேண்டும் என்று நகராட்சி விதி கட்டாயப்படுத்தும்போது, அதன் செலவு வீட்டு வாடகையிலும் கடைப் பொருளின் விலையிலும் கலந்து, கார் இல்லாதவர் தலையிலும் விழுகிறது என்பது அவரது வாதம்.

போர்ட்லாந்தின் மையப்பகுதி இந்த இழப்பைக் கண்கூடாகக் கண்டிருந்தது. பழம்பெருமை வாய்ந்த போர்ட்லாந்து ஹோட்டல் 1951-இல் இடிக்கப்பட்டு அவ்விடம் கார் நிறுத்துமிடமானது. 1969-இல் அதே இடத்தில் பல மாடி நிறுத்துமிடம் கட்டும் முன்மொழிவும் வந்தது. நகரம் அதை ஏற்க மறுத்து, நீண்ட விவாதத்துக்குப் பின் 1984-இல் அங்கே பயனியர் கோர்ட்ஹவுஸ் சதுக்கம் என்னும் பொது முற்றத்தைத் திறந்தது. அதன் தளத்துக்கான செங்கற்களில் தம் பெயரைப் பொறிக்கச் செய்து பொதுமக்களே விலைகொடுத்து வாங்கினர். தனியொரு இடத்தோடு முடியாமல், 1972-ஆம் ஆண்டின் நகர மையத் திட்டமும் 1975-ஆம் ஆண்டின் நிறுத்துமிடக் கொள்கையும் மையப்பகுதி முழுவதற்கும் ஏறத்தாழ 40,000 இடங்கள் என்று உச்சவரம்பு விதித்தன. தூய காற்றுச் சட்டத்தின் வரம்பைக் கார்பன் மோனாக்சைடு பல நாட்களில் மீறிக்கொண்டிருந்தது அதற்கு உடனடிக் காரணம். கார்கள் கூடுதலாக வந்து நிற்க இடமில்லை என்ற நிலையிலும் அடுத்த இருபது ஆண்டுகளில் மையப்பகுதியில் வேலைகள் பெருகின. வணிகம் அழிந்துவிடும் என்று அஞ்சியவர்களின் கணிப்பு பொய்த்தது.

பேருந்திலிருந்து ரயிலுக்கு

கார் வரும் வழியை அடைத்துவிட்டு மாற்றுவழி தராமல் விட்டிருந்தால் அந்தக் கணிப்பு மெய்யாகியிருக்கவும் கூடும். நலிந்துகொண்டிருந்த தனியார் பேருந்து நிறுவனத்திடமிருந்து சேவையைப் பெற்று நடத்த, மாநிலச் சட்டத்தின் வழியே 1969-இல் டிரைமெட் என்ற பொது அமைப்பு உருவாக்கப்பட்டது. அதன் நிதிக்கான ஏற்பாடு கவனிக்கத்தக்கது: பயணச்சீட்டு வருவாயை மட்டும் நம்பாமல், அப்பகுதியில் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் தாம் கொடுக்கும் ஊதியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்கை வரியாகச் செலுத்துகின்றன. பேருந்து தொழிலாளரைக் கொண்டுவந்து சேர்ப்பதால் பயன்பெறும் முதலாளியும் அதன் செலவில் பங்கேற்கிறார்.

பொதுப் போக்குவரத்து மேம்படுவதும் நலிவதும் ஒரு சுழற்சியில் நடப்பவை. பயணிகள் குறைந்தால் வண்டிகள் குறைக்கப்படுகின்றன. வண்டிகள் குறைந்தால் காத்திருப்பு நீண்டு, இன்னும் சிலர் விலகிச் செல்கின்றனர். இதன் மறுபக்கத்தை ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலறிஞர் 1972-இல் விளக்கினார்: பயணிகள் கூடும்போது வண்டிகள் கூடுகின்றன, அதனால் ஏற்கெனவே பயணம் செய்பவர்களின் காத்திருப்பும் குறைகிறது. சாலையில் ஒரு கார் கூடினால் மற்ற எல்லோரும் தாமதமாகின்றனர். பேருந்தில் பயணிகள் கூடும்போது நிர்வாகம் அதற்கேற்ப வண்டிகளைக் கூட்டினால், மற்றவர்களுக்கும் நன்மையே விளைகிறது. இந்தச் சுழற்சியை நல்ல திசையில் திருப்பவே நகர மையத்தில் 1975-இல் கட்டணமில்லாப் பேருந்து வட்டாரம் ஒன்று அமைக்கப்பட்டது; 1977 இறுதியில் ஐந்தாம், ஆறாம் அவென்யூக்கள் பேருந்துகளுக்கு முன்னுரிமை தரும் தெருக்களாக்கப்பட்டன.

விரைவுச்சாலையைத் துறந்து பெற்ற தொகையின் ஒரு பகுதி, 1986 செப்டம்பர் 5-இல் திறக்கப்பட்ட மேக்ஸ் என்னும் இலகு ரயில் தடத்துக்குச் சென்றது. இலகு ரயில் என்பது நகரத்துக்குள் தெருமட்டத்தில் டிராம் போலவும், வெளியே தனித் தடத்தில் ரயில் போலவும் ஓடுவது. சுரங்க ரயிலைவிடச் செலவு குறைந்தது என்பதால் நடுத்தர நகரங்களுக்குப் பொருந்துவது. கிரெஷம் என்ற கிழக்கு ஊரிலிருந்து நகர மையம் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் தொடங்கிய அந்தத் தடம், 1998-இல் மேற்கு மலையைக் குடைந்து மறுபுறத்துக்கும், 2001-இல் விமான நிலையத்துக்கும் நீண்டு, இன்று ஐந்து தடங்களாக ஏறத்தாழ 97 கிலோமீட்டரை எட்டியுள்ளது. 2015-இல் திறக்கப்பட்ட டிலிகம் பாலத்தில் ரயிலும் பேருந்தும் பின்னாளில் மீண்டும் வந்த டிராமும் மிதிவண்டியும் பாதசாரியும் செல்லலாம். கார்களுக்கு அனுமதி இல்லை. நகரம் வெளியே பரவிக்கொண்டே போனால் எந்த ரயிலாலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது என்பதால், 1973-ஆம் ஆண்டு மாநில நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின் வழியே, எங்கு வரை கட்டடம் எழலாம் என்று வரையறுக்கும் நகர வளர்ச்சி எல்லையும் 1979-இல் வகுக்கப்பட்டது.

குறைகளும் கணக்கில் சேரும்

போர்ட்லாந்தை ஒரு முன்மாதிரியாக மட்டும் வரைவது உண்மைக்குப் பொருந்தாது. முதல் ரயில் தடத்தைக் கட்டிய அதே திட்டத்தில், அதை ஒட்டிய பான்ஃபீல்டு விரைவுச்சாலையும் விரிவுபடுத்தப்பட்டது. நகர மையத்தின் தெருக்கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 61 மீட்டர் நீளமே என்பதால், குறுக்குத் தெருவை மறிக்காமல் நிற்க ரயிலுக்கு இரண்டு பெட்டிகளுக்கு மேல் பூட்ட முடிவதில்லை. மையத்தைக் கடக்கும் வேகமும் குறைவு. கொரோனா பெருந்தொற்றுக்கு முன்பே நகரவாசிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவரே பேருந்திலும் ரயிலிலும் வேலைக்குச் சென்றனர். பெருந்தொற்று அந்த எண்ணிக்கையையும் வீழ்த்தியது. மையத்தை ஒட்டிய பகுதிகளில் வாடகை உயர்ந்ததால் வருவாய் குறைந்த குடும்பங்கள் கிழக்கு விளிம்புக்குத் தள்ளப்பட்டன. பேருந்து மிகவும் தேவைப்படும் அவர்களுக்கே அது அரிதாக வருகிறது.

தடுக்கப்படாமல் போன சாலைகளின் கணக்கும் உண்டு. கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஆல்பைனா பகுதி, 1950களிலும் 60களிலும் விளையாட்டரங்குக்காகவும் விரைவுச்சாலைக்காகவும் வீடுகளை இழந்தது. அங்கிருந்தவர்களுக்கு மவுண்ட் ஹூட் சாலையை எதிர்த்த மக்களுக்குக் கிடைத்த செவிசாய்ப்பு கிடைக்கவில்லை. அதே இடத்தில் ரோஸ் குவார்ட்டர் என்ற பெயரில் விரைவுச்சாலையை மீண்டும் விரிவாக்க 2017-இல் 45 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட திட்டம், 2023-க்குள் ஏறத்தாழ 190 கோடி டாலராக உயர்ந்தது. விரைவுச்சாலையை மறுத்துப் பெயர்பெற்ற நகரத்திலும் அந்த விவாதம் ஓயவில்லை. அதே 2023-இல், புதுக் கட்டடங்களுக்கு இத்தனை நிறுத்துமிடங்கள் வேண்டும் என்ற கட்டாய விதியை நகரம் முழுவதும் போர்ட்லாந்து நீக்கிவிட்டது என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்த பின்னும் ஒன்று தெளிவாக எஞ்சுகிறது. போர்ட்லாந்தில் பலன் தந்தது ரயில் மட்டும் அன்று. சாலையை மறுத்ததும், நிறுத்துமிடத்துக்கு வரம்பு விதித்ததும், பேருந்துக்கும் ரயிலுக்கும் நிலையான நிதி ஒதுக்கியதும், நகரின் பரப்பை எல்லைக்குள் வைத்ததும் ஒரே காலத்தில் நடந்ததால்தான் ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தாங்கி நின்றது. மையப்பகுதியில் நிறுத்துமிடத்தை வரம்பின்றிப் பெருக்கிக்கொண்டே ரயில் விடும் நகரம், தன் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்கிறது. பொதுப் போக்குவரத்து நெரிசலை ஒழித்துவிடும் என்பதும் மிகைக்கூற்றே. நெரிசலில் சிக்காமல் போய்ச்சேர ஒரு வழியை, கார் வைத்திருப்பவர்க்கும் இல்லாதவர்க்கும், அது திறந்து வைக்கிறது.

ஆகவே ஒரு நடுத்தர நகரத்தில் அடுத்த மேம்பாலமோ பல மாடி நிறுத்துமிடமோ அறிவிக்கப்படும்போது, அதனால் எத்தனை வாகனங்கள் விரைந்து செல்லும் என்ற விளக்கத்தோடு குடிமக்கள் நின்றுவிடக் கூடாது. அதே தொகையில் எத்தனை பேருந்துகள், எத்தனை நிமிடத்துக்கு ஒன்றாக, எத்தனை ஆண்டுகள் ஓடும் என்ற கணக்கையும் நகர மன்றத்திடம் கேட்டுப் பெற்று, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் தர வேண்டும்.